மாரித்தாயும் நாற்பது நீர்ப்பூலாவும்

பட்டாசுக் கம்பெனிக்குள் செடி வளர்க்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், என் வேலையை ஒரே ஒரு மாதம் அவரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். முப்பத்தோரு வருடமாக நான் போர்மேன். ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் கம்பெனி இருக்கிறது. அறுபது அறைகள். எந்த அறையைச் சுற்றியும் காய்ந்த புல் ஒரு தாள்கூட நிற்கக் கூடாது. செடி கொடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான், பச்சை என்றால் பரவாயில்லை, காய்ந்தால் ஆபத்து. என் பெயர் இசக்கிப்பாண்டி. நான் சொல்ல வந்தது மாரித்தாயைப் பற்றி. சொல்லச் சொல்ல நானும் உள்ளே வந்துவிடுகிறேன், அதை என்னால் தவிர்க்க முடியவில்லை.

மாரித்தாய்க்குப் பிறந்த ஊர் மல்லாங்கிணறு. தாயும் தகப்பனும் மானாவாரிக் காடுகளில் கூலி வேலை பார்த்தவர்கள். மழை பெய்தால் வேலை, பெய்யாவிட்டால் இல்லை. ஆமத்தூரில் வாக்கப்பட்டு வந்தாள். கணவன் கோட்டைச்சாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறவனாக இருந்தான். இடுப்பு ஒடிந்தபிறகு வீட்டோடு இருக்கிறான். ஒரே மகள் வேல்விழி மதுரையில் நர்ஸிங் படிக்கிறாள், இன்னும் இரண்டு வருடம் பாக்கி. வீட்டில் சம்பாதிக்கிற கை மாரித்தாயுடையது மட்டும்தான்.

முதலில் அவளைத் திரி வெட்டுகிற அறையில் போட்டேன். கை வேகம்தான், ஆனால் நான்கு சுவருக்குள் அவளால் உட்கார முடியவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் வெளியே வந்து நின்றுகொள்வாள். சரி, வெளியிலேயே இரு என்று புல் பிடுங்குகிற வேலைக்கு மாற்றினேன். இரும்பு கல்லில் உரசினால் பொறி வரும் என்பதால் அறைகளை ஒட்டி மண்வெட்டியோ கொத்தோ கூடாது, கையால்தான் பிடுங்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் கையாலேயே பிடுங்கினாள். வலது கட்டை விரல் நகம் கொட்டைப்பாக்கு மாதிரி தடித்துப்போயிருந்தது.

இந்த வேலை அவள் மண்டைக்குள்ளும் ஏறிவிட்டது. காய்ந்தது எதைக் கண்டாலும் கை துறுதுறுக்கும். தெருவில் விழுந்த வேப்பஞ்சருகை விடிவதற்குள் அள்ளிவிடுவாள், அடுத்த வீட்டு வாசலையும் சேர்த்து. சாமி படத்துக்குப் போட்ட மாலை மறுநாள் காலை வரை தாங்காது. ஒருமுறை சாத்தூர் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்ணின் தலையில் வாடிக்கிடந்த பிச்சிப்பூவை எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டு, இறங்கும் வரைக்கும் ஏச்சு வாங்கியிருக்கிறாள். இதையெல்லாம் சொல்லி நாங்கள் சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

சிரிக்காத விஷயம் ஒன்று உண்டு, அது என்னோடு சம்பந்தப்பட்டது. எங்கள் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் ரிஜிஸ்டர். வெயில் எவ்வளவு, காற்றில் ஈரம் எவ்வளவு, தண்ணீர் வாளி நிறைந்திருக்கிறதா, மணல் இருக்கிறதா, எல்லாம் தினமும் பார்த்து எழுத வேண்டும். மாரித்தாய்க்கும் ஒரு ரிஜிஸ்டர் கொடுத்தேன். அறை எண்ணுக்கு நேராக ‘சரி’ அல்லது ‘சரியில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். படிக்காதவள், அந்த இரண்டு வார்த்தைகளையும் தன் பெயரையும் எழுதுவதற்காகவே ஒரு மாதம் உட்கார்ந்து பழகினாள். பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் நான் சுற்றி வந்தபோது ஏழாம் அறைப் பின்பக்கத்தில் சாண் உயரம் காய்ந்த புல் நின்றது. ரிஜிஸ்டரில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. கேட்டதற்கு, அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை, பார்க்காமல் எப்படி எழுதுவது என்றாள். நான் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு, ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் ரிஜிஸ்டரில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இருந்ததில்லை. என்னுடைய கண்டிப்பு வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

போன வருடத்துக்கு முந்தின தீபாவளி முடிந்ததும் முதலாளி நல்லசிவம் அண்ணாச்சி வளாகம் முழுக்க சிமெண்டுக் கல் பதித்தார்கள். இனிப் புல்லே முளைக்காது என்றார்கள். முளைக்கவுமில்லை. மாரித்தாய் இரண்டு நாள் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரலை விட்டுத் தேடிவிட்டு, மூன்றாம் நாள் சும்மா நின்றாள். கல் பதித்ததில் இன்னொரு கூத்தும் நடந்தது. மழைத்தண்ணீர், தொட்டி வழிகிற தண்ணீர், ஆட்கள் கை கால் கழுவுகிற தண்ணீர் எல்லாம் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் ஓடி, அறைகளுக்கு வெகு தூரத்தில், ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் போய் நின்றுகொண்டது. வருடம் முழுக்க அங்கே சொதசொதவென்று ஈரம். கொசு தாங்கவில்லை.

அண்ணாச்சியின் மகள் சுகிர்தா கோயம்புத்தூரில் தோட்டம், பூங்கா வடிவமைக்கிற வேலையில் இருக்கிறது. அந்தப் பிள்ளை வந்து பார்த்துவிட்டு, பள்ளத்தை மூட வேண்டாம், ஈரத்தில் வாழ்கிற நம் ஊர்ப் புதர்ச்செடி வைத்தால் தண்ணீரை அதுவே குடித்துக்கொள்ளும், குருவிகள் வரும், பூச்சி குறையும் என்றது. செடி வளர்க்க யார் என்று கேட்டபோது நான்தான் மாரித்தாயைக் கைகாட்டினேன். இல்லையென்றால் அந்த வாரமே அவளை நிறுத்தியிருப்பார்கள். அண்ணாச்சி ஒத்துக்கொண்டார்கள், ஆனால் சுற்றி வளைக்காமல் சொன்னார்கள். நாற்பது செடி. அடுத்த கோடை மழை வரைக்கும் பார்ப்போம். செடி இருந்தால் அவளும் இருக்கட்டும், செடி இல்லையென்றால் அந்தப் பள்ளத்துக்கு ஆள் எதற்கு என்றார்கள். மாரித்தாய் தலையை ஆட்டினாள். அம்பத்து நாலு வயதில் முழங்கால் வலியோடு அவளை வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

குழப்பம் அன்றைக்கே ஆரம்பித்தது. சுகிர்தா சொன்ன செடியின் பெயர் நீர்ப்பூலா. மெல்லிய குச்சியின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை வரிசையாக இருக்கும், பார்த்தால் பெரிய கீழாநெல்லி போலத் தெரியும், பழம் கறுப்பு என்று விளக்கியது. மாரித்தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. பூலாதானே, எங்கள் ஊர் வேலியெல்லாம் அதுதான் என்று மறுநாளே மல்லாங்கிணறு போய் ஒரு கட்டு வெட்டிக்கொண்டு வந்தாள். செல்போனில் படம் பிடித்து அனுப்பினோம். சுகிர்தா கூப்பிட்டு, கிளை நுனி முள் மாதிரி கூராக இருக்கிறது பாருங்கள், இது வெள்ளைப்பூலா, பழம் வெள்ளையாக இருக்கும், காய்ந்த காட்டில் நிற்கிற செடி, ஈரத்தில் அழுகிவிடும் என்றது. மாரித்தாய் நம்பவில்லை. இலை அதே இலை, பெயரும் அதே பெயர், ஒன்று தண்ணீர் கேட்கும், இன்னொன்று தண்ணீரில் சாகும் என்றால் எப்படி என்று என்னைக் கேட்டாள். என்னைக் கேட்டால்? ஆறு குச்சியை ஊன்றிப் பார்த்தாள். இருபது நாளில் ஆறும் கறுத்து அழுகின.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போனவள், கூட்டத்துக்குப் பயந்து ஆற்றங்கரையோரமாகவே நடந்திருக்கிறாள். அங்கே கரையின் ஈரத்தில் ஆளுயரத்துக்குப் புதர் புதராக நின்றிருக்கிறது. நுனியில் முள் இல்லை. மிளகை விடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்புப் பழம். நசுக்கினால் ஊதாச் சாறு. அம்மனைப் பார்க்காமல் முதலில் செடியைப் பார்த்துவிட்டேனே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, பென்சில் கனத்தில் குச்சிகளாக ஒடித்து, துண்டை நனைத்துச் சுற்றிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை கேட்டில் சோதனை போட்டபோது அவள் பத்து விரலும் ஊதாவாக இருந்ததைப் பார்த்துப் பதறிப்போனேன். எந்த வெடிமருந்தைத் தொட்டாய் என்று கத்தினேன். பூலாப்பழம் என்றாள். நம்பாமல் மூன்று தடவை கை கழுவச் சொன்னேன். போகவில்லை. கடைசியில் ‘விரலில் பழக்கறை’ என்று கேட் ரிஜிஸ்டரில் எழுதி உள்ளே விட்டேன்.

ஆற்று மணலும் செம்மண்ணும் மக்கிய சாணியும் கலந்து பைகளில் நிரப்பி, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி அறுபது குச்சி ஊன்றினாள். ஆபீஸ் நிழலில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். மூன்றாம் வாரம் கணுவில் பச்சைப் புள்ளி வந்தபோது என்னை வந்து கூப்பிட்டாள். லைசென்ஸ் புதுப்பிக்கிற வேலையாக இருந்த நான் எரிச்சலோடுதான் போனேன். அவள் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். முளைப்பதைப் பார்த்தால் கை தானாகப் பிடுங்கப் போகிறது, விட்டுப் பழக்கமில்லை என்றாள். சிரிக்க வேண்டிய பேச்சுதான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீபாவளி முடிந்து மழை பிடித்ததும் நாற்பது செடிகளைப் பள்ளத்தில் நட்டோம். மேட்டு ஓரத்தில் ஒன்று ஆரம்பித்து, நடுச்சேற்றில் நாற்பது முடியும். வெடிப் பெட்டி அட்டையை வெட்டி எண் எழுதி ஒவ்வொன்றிலும் கட்டியது என் ஏற்பாடு. எண் இல்லாத பொருளை நான் கம்பெனிக்குள் அனுமதித்ததில்லை. மார்கழி முடிவதற்குள் செடிகள் இடுப்பளவு வந்துவிட்டன. அண்ணாச்சியே ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு மாரித்தாய் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாள்.

மாசி பிறந்ததும் இலை பழுத்தது. அப்புறம் கொட்டத் தொடங்கியது. இலை மட்டுமல்ல, இலை தாங்கின சிறு குச்சியும் சேர்ந்தே விழுந்தது. பத்து நாளில் நாற்பதும் வெறும் கம்புகளாக நின்றன. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. தண்ணீர் இல்லாத காட்டில் மரம் இலை உதிர்ப்பது சரி. காலடியில் ஈரம் இருக்கும்போது இது எதற்கு உதிர்க்க வேண்டும்? மாரித்தாய் நிலைமை என்னை விட மோசம். விழுந்த சருகையெல்லாம் அவள் கை தானாக அள்ளியது. அள்ளிவிட்டு நிமிர்ந்தால் எதிரே காய்ந்த கம்பு. வாழ்க்கை முழுக்க எதைக் கண்டால் பிடுங்க வேண்டும் என்று பழகினாளோ அதை இப்போது காவல் காக்க வேண்டும். செத்த செடியைக் காக்கிறோமா, உயிருள்ளதைக் காக்கிறோமா என்று அவளுக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

சுகிர்தாவைப் போனில் பிடித்தோம். இந்தச் செடிக்கு இது வழக்கம்தான், கோடையில் உதிர்த்துவிட்டு மழைக்குத் துளிர்க்கும், பயப்படாதீர்கள் என்றது. நான் விடவில்லை, உயிர் இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது என்று கேட்டேன். சந்தேகமாக இருந்தால் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தது.

அப்பாடா என்று இருந்தது. சோதனை என்று ஒன்று கிடைத்துவிட்டால் எனக்குத் தெளிவு வந்துவிடும். ஒரு நாள் பார்த்துவிட்டு மறுநாள் பார்க்காமல் விடுவது எங்கள் தொழிலில் சோதனையே இல்லை. நேற்று சரியாக இருந்த அறை இன்றைக்குச் சரியாக இருக்கும் என்று யார் சொன்னது? அன்றே ஒரு புது ரிஜிஸ்டர் போட்டேன். ஒன்று முதல் நாற்பது வரை எண். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் கீறிப் பார்த்து ‘பச்சை’ அல்லது ‘காய்ந்தது’ என்று எழுத வேண்டும். கீழே நான் கையெழுத்துப் போடுவேன். மாரித்தாய் அந்த இரண்டு வார்த்தைகளையும் ஒரே நாளில் எழுதப் பழகிக்கொண்டாள்.

மாசி, பங்குனி இரண்டு மாதமும் எல்லாக் கட்டத்திலும் பச்சை. தினமும் பார்த்துக் கையெழுத்துப் போடும்போது எனக்கு மனம் நிறைந்தது. சித்திரை இரண்டாம் வாரம் முதல் தடவையாக நாலாம் எண்ணுக்கு நேரே ‘காய்ந்தது’ என்று வந்தது. அப்புறம் ஒன்பது. அப்புறம் பன்னிரண்டு, பதினேழு. மாரித்தாய் முகம் இருண்டுவிட்டது. நான் என்ன செய்தேன்? கவனம் போதவில்லை என்று நினைத்து, காலையும் மாலையும் கீறிப் பார்க்கச் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது பொறுப்பாகத்தான் தோன்றியது. சித்திரை முடிவதற்குள் ஒன்று முதல் இருபத்தொன்பது வரை எல்லாவற்றுக்கும் காய்ந்தது என்று வந்துவிட்டது. முப்பது முதல் நாற்பது வரை மட்டும் தினமும் பச்சை. சேற்றில் இருப்பதால் தப்பித்தன போலிருக்கிறது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன்.

வைகாசியில் மூன்று நாள் நல்ல மழை. நாலாம் நாள் சுகிர்தா கோயம்புத்தூரிலிருந்து வந்தது. மூன்று பேருமாகப் பள்ளத்துக்குப் போனோம். நடுச்சேற்றில் நின்ற பதினோரு செடியும் கணுவுக்குக் கணு செக்கச்செவேலென்று துளிர்விட்டிருந்தன. மேட்டில் நின்ற இருபத்தொன்பதும் கம்பாகவே நின்றன. சுகிர்தா குனிந்து நாலாம் எண்ணைப் பார்த்தது. அடியிலிருந்து நுனி வரை கீறல். ஒரு கீறலோடு இன்னொன்று சேர்ந்து, பட்டை வளையம் வளையமாக உரிந்து, உள்ளே கட்டை வெளுத்துக் கிடந்தது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

யார் இவ்வளவு கீறினது என்று சுகிர்தா கேட்டது. கோபமாக இல்லை, புரியாமல்தான் கேட்டது.

“நாந்தேன் பாப்பா” என்றாள் மாரித்தாய். “எம் புத்தி. உசுரு இருக்கான்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. என் கக்கத்தில் அந்த ரிஜிஸ்டர் இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்தோடு. நான் உடனே வாயைத் திறந்தேன் என்று சொல்ல ஆசைதான். திறக்கவில்லை. சுகிர்தா ஏழெட்டுச் செடியைப் பார்த்து முடிக்கும் வரைக்கும் நின்றேன். அப்புறம்தான் ரிஜிஸ்டரை நீட்டி, தினமும் கீறச் சொன்னது நான், இரண்டு வேளை என்று ஆக்கினதும் நான் என்றேன். சுகிர்தா பக்கங்களைப் புரட்டியது. பட்டைக்கு அடியில் இருக்கிற அந்தப் பச்சைதான் செடிக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழி, சுற்றி அறுத்தால் செடி பட்டினி கிடந்து போகும் என்றது. அதற்கு மேல் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் எனக்கு ஒரு கணக்கு இடித்தது. சேற்றுக்குள் இறங்கி முப்பதாம் எண்ணைப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, நாற்பது வரைக்கும் தண்டு வழுவழுவென்று இருந்தது. ரிஜிஸ்டரிலோ தினமும் கீறிப் பார்த்ததாக, பச்சை பச்சை என்று அவள் கையெழுத்தில் வரிசையாக இருக்கிறது. மாரித்தாயைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

முழங்கால் சேற்றில் இறங்க விடவில்லை என்றாள். முதல் நாளே இறங்கி விழுந்து, யாருக்கும் தெரியாமல் கரையேறியிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்தப் பதினொன்றையும் தொடவேயில்லை. மேட்டில் நின்றபடியே பச்சை என்று எழுதியிருக்கிறாள். உண்மையாகச் சோதித்தவை எல்லாம் போய்விட்டன, பொய்யாக எழுதியவை எல்லாம் துளிர்த்திருக்கின்றன. எதற்காக அவளைத் திட்டுவது, எதற்காகப் பாராட்டுவது? அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. இருபத்திரண்டு வருட ரிஜிஸ்டர்கள் ஆபீஸ் அலமாரியில் அடுக்கி இருக்கின்றன. வெடிமருந்து வைக்கிற கிட்டங்கி உட்பட எல்லா அறைக்கும் நேரே ‘சரி’ என்று எழுதியிருப்பது இவள்தான்.

“மாரித்தாயி, மருந்துக் கிட்டங்கி பக்கம் இப்பிடிப் பாக்காம எழுதியிருக்கியா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். அங்கன ஆளுக இருக்காகல்ல” என்றாள். “அங்கன கண்ணால பாக்காம ஒருநாளும் எளுதல.”

நம்பினேனா? தெரியவில்லை. நம்ப வேண்டும் என்று இருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரு புல் தீப்பிடித்ததில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மதியம் அண்ணாச்சியின் அறைக்கு எல்லோரும் போனோம். மாரித்தாய் கதவோரம் நின்றாள். சுகிர்தா நடந்ததைச் சொன்னது. மேலே கம்பு காய்ந்திருந்தாலும் இந்தச் செடிக்கு அடி வேரிலிருந்து முளைக்கிற குணம் உண்டு, ஐப்பசி மழைக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றது. அண்ணாச்சிக்கு இந்த வந்தாலும் போனாலும் பேச்சு பிடிக்காது. பதினொன்று நாற்பது ஆகாது என்றார்கள். இருபத்தொன்பதும் செத்துவிட்டது என்றால் பேசினபடி இந்தச் சனிக்கிழமையோடு அவளை அனுப்பிவிடலாம், பதினோரு செடிக்கு வாட்ச்மேன் தண்ணீர் ஊற்றிக்கொள்வான் என்றார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பினார்கள்.

“நீங்க சொல்லுங்க பாண்டி. செத்துருச்சா, இல்லையா? உங்க வார்த்தைக்கு மேல நான் கேக்க மாட்டேன்.”

முப்பத்தோரு வருடமாக அவர்கள் என்னிடம் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் நான் ஆமாம் அல்லது இல்லை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். இன்று அறை திறக்கலாமா, கூடாதா. மருந்து காய்ந்ததா, இல்லையா. செத்துவிட்டது என்று சொன்னால் அவள் போக வேண்டும். உயிர் இருக்கிறது என்று சொன்னால் அது நான் பார்க்காமல் சொல்கிற பொய். அவள் மேட்டில் நின்றபடியே பச்சை என்று எழுதினாளே, அதையே நானும் செய்ததாகும். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு. அதை மாரித்தாயே கதவோரத்திலிருந்து சொன்னாள்.

“ஒண்ணப் பிடுங்கி வேரப் பாத்தாத் தெரிஞ்சிரும் சார். நான் பிடுங்கிக் கொண்டாரட்டா?”

தன் கையாலேயே அதைச் செய்துவிட்டு முடித்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். பிடுங்குவது ஒன்றுதான் அவளுக்கு இந்தக் கம்பெனியில் நான் கற்றுக் கொடுத்தது. வேண்டாம், தொடாதே என்றேன்.

ரிஜிஸ்டரை மேஜை மேல் விரித்தேன். அன்றைய தேதி போட்டேன். முப்பது முதல் நாற்பது வரை ‘பச்சை’ என்று எழுதினேன், அது நான் சேற்றில் இறங்கிக் கண்ணால் பார்த்தது. பிறகு ஒன்றாம் எண்ணுக்கு வந்தேன். ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். இரண்டுக்கும் அதையே எழுதினேன். இருபத்தொன்பது வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாக எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டு அண்ணாச்சியிடம் தள்ளினேன்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தார்கள். என்ன பாண்டி, போர்மேனே தெரியவில்லை என்று எழுதினால் நான் எதை வைத்து முடிவு எடுப்பது என்றார்கள். முடிவு எடுக்க முடியாது, ஐப்பசி மழை பெய்தால்தான் தெரியும், அதுவரைக்கும் அந்தக் கம்புகளைக் கண் பார்க்க ஒரு ஆள் வேண்டும், கை வைக்காத ஆள் வேண்டும் என்றேன். சுகிர்தா அப்பாவைப் பார்த்தது. அண்ணாச்சி ரிஜிஸ்டரை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். சரி, ஐப்பசி வரைக்கும் அவள் இருக்கட்டும் என்றார்கள்.

வெளியே வந்தோம். மாரித்தாய் எனக்குப் பின்னால் நடந்து வந்தாள். கும்பிடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து நான் வேகமாக நடந்தேன். அவள் அதெல்லாம் செய்யவில்லை. ரிஜிஸ்டரைக் காட்டச் சொன்னாள். திறந்து கொடுத்தேன். பச்சை என்பதைப் படித்துவிட்டாள். மற்ற வார்த்தையின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டாள். தெரியவில்லை என்று வாசித்துக் காட்டினேன். இருபத்தொன்பது கட்டத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே கீழே வரை வந்தாள்.

“அப்பிடியும் எளுதலாமா சார்?” என்றாள். “இம்புட்டு வருசத்துல நீக ஒருநாளும் சொல்லலையே.”